பிரிஸ்டல் இரவுப் பந்தயத்துக்குக் குடும்பத்தோடு: எங்கே உட்காருவது, காதுக்கு என்ன செய்வது, எப்படித் திரும்புவது

கேள்வி: வட கரோலினாவின் சார்லட்டில் இருக்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். செப்டம்பரில் பிரிஸ்டலில் நடக்கும் நாஸ்கார் கார்ப்பந்தய அமைப்பின் இரவுப் பந்தயத்துக்கு எல்லோருமாகப் போகலாமா? எப்படித் திட்டமிடுவது?

போகலாம். ஆனால் ஆறு பேரும் சனிக்கிழமை இரவு ஒன்றாக உட்கார்ந்து 500 சுற்றையும் பார்ப்பது என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். உங்கள் குடும்பத்தில் அந்த இரவு முழுவதையும் அனுபவிக்கப் போவது நீங்கள், உங்கள் துணை, மகன் மூவரும்தான். மகளுக்கும் பெரியவர்களுக்கும் அதே வார இறுதியில் வேறு நேரங்கள் பொருத்தமாக இருக்கின்றன. டிக்கெட், அறை, வழி எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

ஏன் என்று புரிய, அந்த மைதானத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். டென்னசி மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், குன்றுகளுக்கு நடுவே 1961-இல் திறக்கப்பட்ட தடம் அது. ஒரு சுற்று 0.533 மைல், அதாவது 2,814 அடி. 38 வண்டிகள் சம இடைவெளியில் ஓடினால்கூட ஒரு வண்டிக்கு 74 அடிதான் கிடைக்கும். வண்டியின் நீளமே 16 அடி. ஒரு சுற்றை 15 நொடி சொச்சத்தில் முடித்துவிடுகிறார்கள். 1992-இல் தார் எடுக்கப்பட்டு கான்கிரீட் போடப்பட்டது. 2007-இல் வளைவுகளின் சரிவை மாற்றி, உள்ளே குறைவாகவும் மேலே போகப்போக 28 டிகிரி வரை அதிகமாகவும் அமைத்தார்கள். இதைச் சுற்றி நான்கு பக்கமும் செங்குத்தான இருக்கை வரிசைகள், லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரும் அளவுக்கு. மொத்தத்தில் ஒரு ஆழமான கிண்ணம். உள்ளே எழும் சத்தம் வெளியே போக வழியில்லை, கீழே உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் தெரியாது, மேலே போனால் படிகள், முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே பள்ளத்தாக்கு வழியாக வெளியேற வேண்டும். பிரிஸ்டலில் குடும்பங்களுக்கு வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த அமைப்பிலிருந்தே வருகின்றன.

டேடோனா போன்ற 2.5 மைல் தடத்தில் வண்டிகள் கூட்டமாகக் கடந்துபோன பின் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். இங்கே அது கிடையாது. பந்தயம் தொடங்கிப் பத்துப் பதினைந்து சுற்றிலேயே முன்னால் ஓடுபவர் கடைசி வண்டியை எட்டிவிடுவார். அதன்பின் தடத்தில் முதலும் முடிவும் இல்லாத ஒரே வளையம்தான். எந்த இருக்கையில் இருந்தாலும் எப்போதும் சில வண்டிகள் உங்கள் எதிரில் இருக்கும்.

ஆகவே முதலில் காது. நாஸ்கார் போன்ற ஸ்டாக் கார் பந்தயங்களில் பார்வையாளர் பகுதியில் சத்தம் 100 டெசிபெல்லை ஒட்டியும் அதற்கு மேலும் போவது சாதாரணம். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் வகுத்த கணக்குப்படி 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம், 103-இல் ஏழரை நிமிடம். பந்தயமோ மூன்று மணி நேரம்.

கடையில் விற்கும் காதுப் பாதுகாப்புச் சாதனத்தின் அட்டையில் 33, 25 என்று ஓர் எண் இருக்கும். அவ்வளவு டெசிபெல் குறையும் என்று நம்பி வாங்குவதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். அது ஆய்வகத்தில் சரியாகப் பொருத்தி அளந்த எண். நடைமுறைக்குப் பாதுகாப்பான கணக்கு வேண்டுமென்றால் அந்த எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்குங்கள். 25 என்று போட்ட, காதை முழுக்க மூடும் இயர்மஃப் (சுருக்கமாக மஃப்) 9 டெசிபெல் குறைக்கும். 33 என்று போட்ட நுரைப் பஞ்சு அடைப்பான் 13. இரண்டையும் சேர்த்துப் போட்டால் 9-ஐயும் 13-ஐயும் கூட்டக்கூடாது. பெரியதோடு 5 மட்டும் சேர்த்து 18 என்று எடுக்க வேண்டும். 103 டெசிபெல்லில் இந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். மஃப் மட்டும் போட்டவருக்கு 94, அதாவது ஒரு மணி நேரம். அடைப்பானும் மஃபும் சேர்த்துப் போட்டவருக்கு 85, இரவு முழுக்கத் தாங்கும்.

பெரியவர்களும் மகனும் இரண்டையும் போடுங்கள். நுரை அடைப்பானை விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறுகையால் தலைக்கு மேலாகக் காதைப் பின்னோக்கி மேலே இழுத்து, உள்ளே செருகி, விரிந்து அடையும்வரை 20, 30 நொடி விரலை எடுக்காமல் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது போட்டதாகக் கணக்கில்லை. மஃபுக்கும் காதுக்கும் நடுவே மூக்குக்கண்ணாடிக் கம்பி, தொப்பி விளிம்பு, ஜிமிக்கி, பின்னலின் கற்றை எது இருந்தாலும் சத்தம் கசியும். அம்மாவின் காதணியை அறையிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். தொப்பியை மஃபுக்கு மேல் போடுங்கள்.

4 வயதுக் காதுக்குள் நுரை அடைப்பான் சரியாக உட்காராது. அப்படியே போட்டாலும் அரை மணியில் பிடுங்கிவிடுவாள். அவளுக்குச் சிறுவர் அளவு மஃப் மட்டும்தான் வழி, ஆக மேலே சொன்ன கணக்குப்படி ஒரு மணி நேரம். 500 சுற்றுக்கு அவளை உட்கார வைக்கக்கூடாது என்று சொல்வது இதனால்தான். அடம்பிடிப்பாள் என்பதெல்லாம் அப்புறம். மஃபைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கி, தொலைக்காட்சி பார்க்கும்போது ஒரு வாரம் போட்டுப் பழக்குங்கள். மைதானத்தில் முதன்முதலாக மாட்டினால் பத்து நிமிடம் தாங்காது. அப்பாவோ அம்மாவோ காது கேட்கும் கருவி அணிபவராக இருந்தால், அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு மஃப் போடுவது நல்லது. கருவியை அணைத்துவிட்டுக் காதிலேயே வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது.

ஒத்திகைக்கு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அருமையான இடம் இருக்கிறது. வின்ஸ்டன்-சேலத்தில் நகராட்சிக்குச் சொந்தமான போமன் கிரே அரங்கம், சார்லட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள். கால்பந்துத் திடலைச் சுற்றிய கால் மைல் தட்டைத் தடம். 1949 முதல் நாஸ்கார் வாராந்திரப் பந்தயம் நடக்கிறது. கோடையில் சனிக்கிழமை இரவுகளில், பிரிஸ்டலோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த விலையில், சின்னச் சின்னப் பந்தயங்களாக ஓடும். மோதலுக்கும் வாய்ச்சண்டைக்கும் பெயர்போன இடம் என்பதால் பெரியவர்களுக்கும் அலுக்காது. ஜூலையில் ஒரு நாள் மகளை அழைத்துப்போய்ப் பாருங்கள். மஃபைக் கழற்றி எறிந்தால், பிரிஸ்டல் சனிக்கிழமைக்கு அவளுக்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.

இனி எந்த நாள் என்பது. இரவுப் பந்தய வார இறுதியில் வழக்கமாக வியாழன் டிரக் தொடர், வெள்ளி இரவு இரண்டாம் நிலைத் தொடரின் 300 சுற்று, சனி இரவு நாஸ்காரின் முதல்நிலைத் தொடரான கப் தொடரின் 500 சுற்று (266.5 மைல்). கப் வண்டிகளின் பயிற்சியும் தகுதிச் சுற்றும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல் நடக்கும். மகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் ஏற்ற நாள் வெள்ளிதான். தகுதிச் சுற்றில் ஒன்றிரண்டு வண்டிகள்தான் தடத்தில் இருக்கும், சத்தம் குறைவு, இடையிடையே ஓய்வு, கூட்டம் இல்லாததால் நல்ல இடமாகப் பார்த்து உட்காரலாம். அதன்பின் வெள்ளிப் பந்தயத்தின் முதல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு ஒருவர் முன்னதாகக் கிளம்பிவிடலாம். வெள்ளி டிக்கெட் மலிவு. சிறுவர்களுக்குச் சலுகையும் பெரும்பாலும் உண்டு, 12 வயது எல்லையைக் கவனித்து வாங்குங்கள்.

வசந்த காலத்தில் ஞாயிறு பிற்பகல் நடக்கும் இன்னொரு பிரிஸ்டல் பந்தயம் குழந்தைகளுக்கு வசதி என்று சிலர் சொல்வார்கள். பகல் வெளிச்சம், சீக்கிரம் முடிவு, எல்லாம் சரிதான். ஆனால் அந்த மலைப்பகுதியில் ஏப்ரல் மழையை நம்ப முடியாது. 2017, 2018 இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து வசந்தப் பந்தயம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. தடத்தில் மண் கொட்டி நடத்திய 2021 பந்தயமும் அப்படியே. ஞாயிறு தள்ளிப்போனால் பள்ளியும் அலுவலகமும் போகும். சனி தள்ளிப்போனால் ஞாயிறு கையில் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இரவுப் பந்தயத்தைப் பரிந்துரைப்பேன்.

டிக்கெட்டுக்கு முன் அறையைப் பிடியுங்கள். 1982 முதல் 2010 வரை கப் பந்தயம் ஒன்றுவிடாமல் முழுக்க விற்றுத் தீர்ந்த இடம் இது. டிக்கெட்டுக்காகக் காத்திருப்புப் பட்டியலே இருந்தது. இப்போது டிக்கெட் கிடைக்கிறது, அறைதான் கிடைப்பதில்லை. பந்தய வாரத்தில் விலை பலமடங்கு ஏறும், குறைந்தது இரண்டு இரவு என்று நிபந்தனையும் போடுவார்கள். பிரிஸ்டல் ஊருக்குள் தேடாமல் வர்ஜீனியா பக்கம் ஆபிங்டனில் தேடுங்கள். ஜான்சன் சிட்டி, கிங்ஸ்போர்ட் இரண்டும் அரை மணித் தொலைவுதான், ஆனால் நீங்கள் திரும்பும் திசைக்கு எதிர்ப்பக்கம். ஞாயிறு இரவையும் ரத்து செய்யக்கூடிய வகையில் சேர்த்துப் போட்டுவைத்து, சனி காலை வானிலை பார்த்து விடுவித்தால் மழைக்கும் ஈடு ஆகும். எந்த மணிவரை ரத்து செய்யலாம் என்பதை முன்பே படித்துக்கொள்ளுங்கள்.

இருக்கை விஷயத்தில் மற்ற விளையாட்டுகளின் பழக்கத்தை மறந்துவிடுங்கள். தடத்துக்கு அருகில் உள்ள வரிசை விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தடத்தின் நடுவில் குழுக்களின் பெரிய சரக்கு லாரிகளை நெருக்கி நிறுத்தியிருப்பார்கள். வண்டிகள் டயர் மாற்ற நிற்கும் பிட்டில் ஆளுயரத்துக்கு மேலான கருவிப் பெட்டிகள். முதல் பத்துப் பதினைந்து வரிசையில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் ஓடும் வண்டி ஒன்றும் தெரியாது. உங்கள் முன்னால் பாயும் வண்டிகளின் நிறம் மட்டும் கண்ணில் அடிக்கும். போதாக்குறைக்கு டயர் துணுக்கும் கரித்தூசும் வந்து விழும். குளிர்பானத்தின் மேல் கறுப்பாக மிதக்கும். ஆஸ்துமா உள்ளவர் யாராவது இருந்தால் கீழ் வரிசை பக்கமே போகாதீர்கள், இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். 25-ஆம் வரிசைக்கு மேல், முடிந்தால் இன்னும் உயரத்தில் வாங்குங்கள். முழுத் தடமும் உள்ளங்கையில் இருப்பதுபோல் தெரியும். பிட்டுக்குள் யார் வருகிறார், எட்டாவது இடத்துக்கு யார் மோதுகிறார் என்றெல்லாம் பார்க்கலாம். நேர்ப்பகுதியா வளைவா என்பது இங்கே அவ்வளவு முக்கியமில்லை, உயரம்தான் முக்கியம். நடுவானில் கம்பிகளில் தொங்கும் நான்கு முகத் திரை ஒன்று 2016 முதல் இருக்கிறது. எங்கிருந்தும் மறுஒளிபரப்பைப் பார்க்கலாம்.

உயரம் என்றால் படிகள். அப்பா, அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் இணையத்தில் வரைபடம் பார்த்து வாங்காதீர்கள். மைதானத்தின் டிக்கெட் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, லிஃப்ட் எந்த வாசலில், அங்கிருந்து எத்தனை படி, சக்கர நாற்காலியில் வருபவருக்கும் உடன் வருபவருக்கும் சேர்த்து இடம் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். மது அனுமதி இல்லாத பகுதி வேண்டுமென்றும் அப்போதே கேளுங்கள். சாய்மானம் இல்லாத அலுமினியப் பலகை இருக்கைகளும் உண்டு. மூன்று மணி நேரம் அதில் உட்கார மெத்தை கட்டாயம். பெரியவர்களுக்கு நடைபாதையோரம் இரண்டு இடம் இருந்தால், அடிக்கடி எழுந்து போகும்போது இருபது பேர் காலைத் தாண்ட வேண்டியதில்லை.

டிக்கெட் கைப்பேசியில்தான் வரும். மைதானத்தை நெருங்கும்போது அத்தனை பேர் ஒரே கோபுரத்தைப் பிடிப்பதால் இணையம் நத்தை வேகத்தில் போகும். அறையிலேயே எல்லா டிக்கெட்டையும் கைப்பேசியின் வாலட்டில் இறக்கிக்கொள்ளுங்கள், அவரவர் கைப்பேசிக்கும் பிரித்து அனுப்பிவிடுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் இந்த மைதானம் தாராளம். பக்கத்துக்கு 14 அங்குலத்துக்கு மிகாத மென்பையில் வீட்டுச் சாப்பாடும் குடிநீரும் கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாட்டில், கெட்டிப் பிளாஸ்டிக் ஐஸ் பெட்டி, குடை கூடாது. பை அளவு விதி அவ்வப்போது மாறும், அந்த வாரம் மைதானத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உள்ளே சைவம் என்றால் உருளை வறுவல், பிரெட்ஸல், நாச்சோஸ் அளவில் நின்றுவிடும். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் ஆறு மணி நேரம் தாங்கும். தயிர்சாதம் வேண்டுமென்றால் பாலில் பிசைந்து கொஞ்சம் தயிர் விட்டு, உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டில்களுக்கு நடுவே வையுங்கள். அந்தப் பாட்டில்களே பிறகு குடிக்க ஆகும். கரண்டி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். உருட்டிச் சாப்பிடுகிற மாதிரி சின்னப் பொட்டலங்களாகக் கட்டினால் நல்லது, மடியில் தட்டு வைக்க இடமில்லை. மறந்துபோன சாமான், ஐஸ் எல்லாவற்றுக்கும் ஃபுட் சிட்டி மளிகைக் கடைகள் இருக்கின்றன. வசந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் நிறுவனமும் அதுதான்.

செப்டம்பர் நடுவில் மாலை ஏழரைக்குச் சூரியன் மறையும், பந்தயமும் ஏறத்தாழ அப்போதுதான் தொடங்கும். பகலில் வெயில் சுடும், பத்து மணிக்கு மேல் மேல் வரிசையில் காற்று சில்லிடும். அப்பா, அம்மாவுக்கு ஸ்வெட்டர், எல்லோருக்கும் மெல்லிய மழைக்கோட்டு. பிளாஸ்டிக் மழைக்கோட்டு மழை வராவிட்டாலும் குளிருக்கு உதவும்.

ஸ்கேனர் ஒன்று வாடகைக்கு எடுங்கள். ஓட்டுநரும் குழுத்தலைவரும் பேசுவதை அதில் கேட்கலாம்; வானொலி வர்ணனையும் வரும். 9 வயதுப் பையனுக்குப் பந்தயம் புரியத் தொடங்குவது இதில்தான். ஒரு கருவியில் இரண்டு ஹெட்செட் இணைக்கும் வகையைக் கேளுங்கள், நீங்கள் கேட்பதையே அவனும் கேட்பான். ஹெட்செட்டும் மஃப் வகைதான், ஆனால் அதற்கடியில் நுரை அடைப்பான் போட்டுத்தான் ஆக வேண்டும். ஒலியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், பேச்சு நன்றாகவே கேட்கும். போவதற்கு முன் அவனை ஓர் ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், வெற்றி பெறுகிறவராக இருக்க வேண்டியதில்லை. வண்டி எண்ணும் நிறமும் தெரிந்தால் 38 வண்டிக் கூட்டத்தில் கண் எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

பந்தயத்தின் கணக்கையும் சுருக்கமாகச் சொல்லி வையுங்கள். 125 சுற்று, 125 சுற்று, 250 சுற்று என்று மூன்று பகுதி. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மஞ்சள் கொடி, எல்லோரும் மெதுவாகச் சுற்றுவார்கள், டயர் மாற்றுவார்கள். கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் அதுதான் நேரம் என்று ஆயிரக்கணக்கானோர் கிளம்புவார்கள். ஆகவே 100-ஆவது சுற்றிலேயே, பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போது அழைத்துப்போங்கள்; திரும்பி வரும்போது வரிசை உங்கள் எதிரே வரும்.

எப்போதும் பரபரப்பாக இருக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். 2024 மார்ச்சில் இதே தடத்தில் டயர்கள் விறுவிறுவென்று தேய்ந்து, முதலிடம் 54 முறை கைமாறியது; குறுந்தடப் பந்தயங்களில் அது சாதனை. அதே ஆண்டு செப்டம்பரில் கைல் லார்சன் 500-இல் 462 சுற்று முன்னிலையில் ஓடி வென்றார். எந்த இரவு உங்களுக்கு வாய்க்கும் என்று சொல்ல முடியாது. முன்னால் ஒருவரே ஓடும் இரவில் பத்தாம், பதினைந்தாம் இடத்துச் சண்டையைப் பாருங்கள். முன்னே இருப்பவரின் பின் பம்பரை வளைவில் லேசாகத் தட்டி, அவர் ஓர் அடி மேலே நகர்ந்ததும் உள்பக்கம் நுழைந்து கடப்பதுதான் இங்கே பாரம்பரியம். எவ்வளவு தட்டலாம் என்பதில்தான் தகராறு. 1999 ஆகஸ்டில் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் தட்டியதில் முன்னால் ஓடிய டெர்ரி லபாண்டி சுழன்று நின்றார். எர்ன்ஹார்ட் வென்றார், அவருக்கே கைதட்டும் ஊர் அன்று கூச்சல் போட்டது. இந்த ஒரு கதையைக் காரில் போகும்போது மகனுக்குச் சொல்லிவிட்டால், முதல் தட்டலிலேயே எழுந்து நின்றுவிடுவான்.

பந்தயத்துக்கு முன் ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக அறிமுகமாகும்போது அவரவர் தேர்ந்தெடுத்த பாட்டு ஒலிக்கும். இந்த நிகழ்ச்சியைத் தவறவிடாதீர்கள். அதற்கு ஆறரைக்கே இருக்கையில் இருக்க வேண்டும். பெரியவர்களும் மகளும் சனிக்கிழமையும் வருவதானால் இதைப் பார்த்துவிட்டு, கொடி அசைந்து முதல் முப்பது சுற்று பார்த்துவிட்டு, ஒருவர் துணையோடு வெளியேறலாம். அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும். உள்ளே தங்கிப் பார்ப்பவர்கள் பிறகு எப்படி அறைக்கு வருவது என்பதை முன்பே யோசித்திருந்தால் இது நடக்கும்: இரண்டு கார் வேண்டும், அல்லது அறை மிக அருகில் இருக்க வேண்டும். முடிந்தபின் வாடகைக் காரைக் கைப்பேசியில் அழைத்து வரவழைப்பது அன்றிரவு நடக்காத காரியம். ஒரே கார்தான் என்றால் தாத்தா, பாட்டி, பேத்தி மூவரும் சனி மாலை அறையில் தொலைக்காட்சியில் பார்ப்பதே நிம்மதி.

சனிக்கிழமை காலையை ஊருக்குள் கழியுங்கள். பிரிஸ்டலின் ஸ்டேட் தெரு நடுவே மாநில எல்லை ஓடுகிறது, வடபுறம் வர்ஜீனியா, தென்புறம் டென்னசி. சாலை நடுவில் பதித்த பித்தளை அடையாளத்தில் ஆளுக்கொரு காலை ஒவ்வொரு மாநிலத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், வண்டி பார்த்து. 1927-இல் இங்கே நடந்த ஒலிப்பதிவுகளில்தான் அமெரிக்க கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரோட்ஜர்ஸும் வெளிவந்தார்கள். அதற்கான அருங்காட்சியகம் வர்ஜீனியா பக்கம் 2014-இல் திறந்தது. குளிர்சாதன வசதியோடு உட்கார்ந்து கேட்கும் இடம், அப்பா, அம்மாவுக்குப் பிடிக்கும். மைதானத்தைச் சுற்றிய திடலில் கண்காட்சி வண்டிகள், பொம்மைக் கார் கடைகள் எல்லாம் இருக்கும். நுழைவதற்கு முன்னால் மகனுக்குச் செலவு வரம்பைச் சொல்லிவிடுங்கள்.

கார் நிறுத்தும் இடங்கள் குன்றின் மேலும் கீழுமாக வெகுதூரம் பரவியிருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். நிறுத்தியதும் அந்த இடத்தின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து, கைப்பேசி வரைபடத்தில் குறித்துவையுங்கள். இரவில் எல்லாக் குன்றும் ஒன்றுபோல் இருக்கும். டிராக்டர் இழுக்கும் வண்டிகளில் பெரியவர்களை ஏற்றிக்கொள்ளலாம். குழந்தைகள் கையில் பட்டை கட்டி உங்கள் எண்ணையும் இருக்கைப் பகுதியையும் எழுதுங்கள். சத்தத்தில் கைப்பேசி அடிப்பது கேட்காது. அதனால் பிரிந்துபோனால் சந்திக்கும் இடத்தை நுழைவாயிலிலேயே காட்டி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சார்லட்டிலிருந்து வழி. வரைபடம் பூன் ஊர் வழியாக 421-ஆம் நெடுஞ்சாலையைக் காட்டினால் அதை ஏற்காதீர்கள். மைல் குறைவுதான், ஆனால் மௌன்டன் சிட்டிக்கு அப்பால் ஷேடி வேலி வழியாகப் போகும் பகுதி மோட்டார் சைக்கிள்காரர்கள் வளைவுகளுக்காகவே தேடி வரும் சாலை. பின்னிருக்கையில் குழந்தைகள் வாந்தி எடுக்காமல் போக முடியாது. 77-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே வைத்வில்வரை, அங்கிருந்து 81-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போங்கள். மூன்றேகால் மணி நேரம் போல ஆகும். பிரிஸ்டல் ஊருக்குள் இறங்காமல் டென்னசிக்குள் வந்து 69-ஆம் வெளிவழியில் இறங்கினால் 394-ஆம் சாலை மைதானத்தின் பக்கம் கொண்டுவிடும். நாஷ்வில்லிலிருந்து யாராவது சேர்ந்துகொள்வதாக இருந்தால், பிரிஸ்டல் கிழக்கு நேரத்தில் இருப்பதால் அவர்களுக்கு ஒரு மணி நேரம் குறையும் என்று நினைவூட்டுங்கள்.

மழை பெய்தால் பந்தயம் நிற்கும். மார்ட்டின்ஸ்வில் போன்ற தட்டையான தடங்களில் ஈரத்தில் ஓட்டத் தனி டயர் உண்டு; பிரிஸ்டலின் சரிவில் அது நடக்காது. காற்றூதி வண்டிகள் தடத்தைக் காயவைக்கும்வரை காத்திருக்க வேண்டும். தூறல் அரை மணியில் நின்றால் காத்திருங்கள், நள்ளிரவிலும் ஓட்டுவார்கள். 250 சுற்று முடிந்திருந்தால் அந்த நிலையிலேயே முடிவை அறிவித்துவிடலாம். அதற்கு முன் நின்று தள்ளிப்போனால் அதே டிக்கெட் மறுநாளுக்குச் செல்லும். இடி இடித்தால் இருக்கையைக் காலி செய்யச் சொல்வார்கள். அலுமினிய வரிசையில் நின்று வாதாடாமல் இறங்கிவிடுங்கள்.

முடிந்ததும் ஓடாதீர்கள். கடைசி ஐந்து சுற்றுக்கு முன் கிளம்பியவர்களும், முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பியவர்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் நெடுஞ்சாலையை எட்டுவார்கள். வென்றவருக்குப் போர்வீரன் வாளைக் கோப்பையாகக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, மீதிச் சாப்பாட்டைக் கார் அருகில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, கூட்டம் கரைந்தபின் கிளம்புங்கள். காவலர் எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறாரோ அந்தப் பக்கம் போங்கள். வரைபடம் என்ன சொன்னாலும் அன்றிரவு சாலைகளின் திசை வேறாக இருக்கலாம்.

அன்றிரவே சார்லட் திரும்புவது வேண்டாம். 77-இல் வர்ஜீனியாவிலிருந்து வட கரோலினாவுக்கு இறங்கும் ஃபேன்சி கேப் மலைப்பகுதி மூடுபனிக்குப் பெயர்போனது. 2013 மார்ச்சில் அங்கே பனியில் 95 வண்டிகள் ஒன்றோடொன்று மோதின. நள்ளிரவு தாண்டி, காதுக்குள் ஒரு பந்தயமே ஓடிக்கொண்டிருக்க, பின்னால் தூங்கும் குழந்தைகளோடு அந்த இறக்கத்தில் இறங்கக் கூடாது. ஆபிங்டனில் தூங்கி, ஞாயிறு காலை சிற்றுண்டிக்குப்பின் பத்து மணிபோலக் கிளம்பினால் பனி பெரும்பாலும் விலகியிருக்கும். மலையேறும் முன் சாலையோர மின்பலகை எச்சரிக்கையைப் பாருங்கள். பனி என்று போட்டிருந்தால் வைத்வில்லில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம்.